அப்பாவுக்கு ஒரு மடக்குக்கத்தி

சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் சின்னக் கத்திக்குத் தமிழில் இரண்டு பெயர் புழங்குகிறது. ஒன்று மடக்குக்கத்தி, இன்னொன்று பேனாக்கத்தி. முதல் பெயர் அதன் உடம்பைச் சொல்கிறது. இரண்டாவது அதன் பழைய வேலையைச் சொல்கிறது. இறகுப்பேனாவின் முனையைச் சீவுவதற்கென்று இங்கிலாந்தில் இருந்த கத்தி, இறகு போய் எஃகு நிப்பு வந்த பிறகும் பெயரை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு கப்பலேறி இங்கே வந்திருக்கிறது. பையைச் சொல்லும் பெயர் நம்மிடம் இல்லை. இருக்க நியாயமும் இல்லை. வேட்டியில் ஏது பை? மடிதான் உண்டு. மடியில் வெற்றிலையும் சில்லறையும் நிற்கும். திறந்த அலகுள்ள கத்தியை அங்கே செருகிக்கொண்டு குனிந்து நிமிர முடியாது.

அப்பாவுக்கு எழுபது நிறைகிறது, பாரம்பரியமான மடக்குக்கத்தி ஒன்று வாங்கித் தரலாம் என்று இறங்கியபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. இரண்டு மாதம் ஓடியது. என் லேப்டாப்பைக்கூட இத்தனை யோசித்து வாங்கியதில்லை. இணையத்தில் கத்திகளைப் பற்றி எழுதப்படுவது ஏராளம். எஃகின் கலவை, கடினத்தன்மை எண், பூட்டு எத்தனை கிலோ தாங்கும், அட்டையை எத்தனை மீட்டர் வெட்டியபின் கூர் மழுங்கியது என்று அட்டவணை அட்டவணையாகப் போடுகிறார்கள். தொழிலில் நானும் அட்டவணை ஆசாமிதான், ரசித்துத்தான் படித்தேன். ஆனால் அது விமர்சனம் ஆகாது. ஒரு நாவலைப் பற்றி எழுதுகிறவர் தாளின் கனத்தையும் பைண்டிங் பசையின் தரத்தையும் சொல்லி முடித்துக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. எந்தக் கைக்கு, எந்தக் காற்றில், எந்த வேலைக்கு என்று யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அது மட்டும்தான். கை அப்பாவுடையது. காற்று தூத்துக்குடியின் உப்புக்காற்று. வேலை என்னவென்று பின்னால் சொல்கிறேன்.

முத்துக்குளித்துறையில் கத்தி இல்லாமலா என்று நினைத்து முதலில் ஊரிலேயே தேடினேன். சிப்பியைப் பிளக்கக் கத்தி வேண்டுமே, அதற்கென்று ஒரு வடிவம் இந்தக் கரையில் உருவாகியிருக்குமே என்பது கணக்கு. பழைய குளிப்பைப் பற்றிப் படித்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. குளியாளி கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கினார், பையில் கையால் சிப்பியை அள்ளினார், கயிற்றை இழுத்ததும் மேலே வந்தார். சுறா வந்தால் என்ன செய்ய என்பதற்கு அந்தக் காலத்து ஏற்பாடு, கரையிலும் படகிலும் மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுகிறவர். பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, மீனைக் கட்டும் பிராமணர்களுக்கு இருபதில் ஒரு பங்கு போனது என்று எழுதிவைத்திருக்கிறார். (அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு. அரசனின் சம்பளத்தில் பாதி மந்திரத்துக்கு என்றால் மோசமில்லை.) பெரிய வியாபாரிகளும் சிப்பியைக் கத்தியால் பிளக்கவில்லை. ஒரு வாரம், பத்து நாள் குவியலாகப் போட்டு அழுகவிட்டார்கள். ஈயும் புழுவும் சதையைத் தின்று தீர்த்தபின் கடல்நீரில் அலசி, அடியில் தங்கிய கசட்டில் முத்தைப் பொறுக்கினார்கள். உலகத்தின் விலை உயர்ந்த பொருள் ஒன்றை எடுக்க இங்கே பயன்பட்ட கருவி அழுகல். முத்துக்குளிப்பு நாட்களில் ஊரே நாறியதைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள்.

கடைசிப் பெரிய குளிப்பு 1961-ல். அதற்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டு கழித்துத்தான் முத்துக்கும் கத்திக்கும் இந்த ஊரில் நெருங்கிய உறவு வந்தது. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையத்தில் அழகர்சாமி குழுவினர் வளர்ப்பு முத்தை உண்டாக்கினார்கள். ஒரு சிப்பியின் மேலுறைத் திசுவை இரண்டு, மூன்று மில்லிமீட்டர்த் துண்டுகளாக நறுக்கி, ஒரு மணியோடு சேர்த்து இன்னொரு சிப்பியின் உடம்புக்குள் வைக்க வேண்டும். அது அறுவை மருத்துவரின் கத்தி. அப்பா பையில் வைத்துக்கொள்ள ஆகாது.

கடலை விட்டு ஐந்தாறு மைல் உள்ளே போனால் நிலைமை மாறுகிறது. தேரிக்காட்டுப் பனைக்குக் கத்திதான் எல்லாம். என் தாத்தா உடன்குடிப் பக்கம் பனையேறியவர். பாளையைக் காலையும் மாலையும் சீவ வேண்டும், ஒவ்வொரு முறையும் வெற்றிலை கனத்துக்கு மேல் போகக் கூடாது. கூர் குறைந்தால் பாளை நசுங்கும், நசுங்கினால் பதநீர் நிற்கும். சவரக்கத்திக்குச் சமமான அந்த அரிவாளை முதுகுப்பக்கம் இடுப்பில் தொங்கும் அரிவாள்பெட்டியில் போட்டுக்கொண்டுதான் மரம் ஏறுவார்கள். ஆக, இந்த நிலத்தில் கூரான அலகை உடம்போடு தூக்கிக்கொண்டு போகும் பிரச்சினைக்குக் கிடைத்த விடை பெட்டி. அலகை மடக்கிப் பிடிக்குள் ஒளிப்பது இல்லை.

அப்படியானால் மடக்குக்கத்தியே நமக்கு அந்நியமா என்றால், அதுவும் இல்லை. விடை நான் தேடாத இடத்தில் கிடைத்தது. உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் தான் படித்த காலத்து எழுத்தாணிகளை வகைப்படுத்துகிறார். குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி. குண்டெழுத்தாணி தலை கனத்து, பிள்ளைகள் கைக்கு ஏற்றது. வாரெழுத்தாணியின் தலையில் கொண்டைக்குப் பதில் சின்னக் கத்தி இருக்கும், ஓலையை வாரி ஒழுங்கு செய்ய. மடக்கெழுத்தாணிக்கு மரத்திலோ தந்தத்திலோ மாட்டுக்கொம்பிலோ ஒரு பிடி. அதன் ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் ஓலை வாரும் கத்தி, இரண்டையும் மடக்கிப் பிடிக்குள் அடக்கிவிடலாம்.

இதைப் படித்தபோது எழுந்து நடக்கத் தோன்றியது. கொம்புப் பிடி, இரண்டு அலகு, இரண்டும் மடங்கும். ஷெஃபீல்டிலோ சோலிங்கனிலோ செய்த எந்தப் பழைய பேனாக்கத்தியின் வர்ணனையும் இதுதான். அங்கே கத்தி பேனாவுக்கு வேலைக்காரன். இங்கே கத்தியும் பேனாவும் ஒரே பிடியில் குடியிருந்தன. தமிழில் கையடக்கக் கத்திக்கு ஒரு மரபு உண்டென்றால் அது சண்டைக்காரனிடமிருந்து வரவில்லை. ஓலை நறுக்கிக் கணக்கும் பாட்டும் எழுதியவர்களிடமிருந்து வருகிறது. அச்சும் காகிதமும் வந்து ஓலை போனதும் அந்தக் கருவியும் போய்விட்டது. இறகு போன பிறகு பேனாக்கத்தி பென்சில் சீவவும் ஆப்பிள் நறுக்கவும் பழகிப் பிழைத்துக்கொண்டது. மடக்கெழுத்தாணிக்கு அந்த இரண்டாம் பிழைப்பு வாய்க்கவில்லை. அந்தக் கத்திப் பாதியை மட்டுமாவது யாராவது தொடர்ந்து செய்திருக்கலாம் என்று எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு.

அப்பாவும் ஒரு வகையில் கணக்கு எழுதியவர்தான். பழைய துறைமுகத்தில் தோணிச் சரக்குக்கு டேலி எழுதும் வேலை. மாலத்தீவுக்குப் போகும் வெங்காயம், சிமெண்டு, காய்கறி எல்லாம் மூட்டை மூட்டையாக ஏறும்போது ஒன்று, இரண்டு என்று கோடு போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே போட்டுக் கட்ட வேண்டும். காதில் பென்சில், சட்டைப்பையில் கத்தி. சாக்கின் தையலைப் பிரிக்க, பென்சிலைச் சீவ, நைலான் கயிற்றை அறுக்க, மத்தியானம் மாங்காய் நறுக்க எல்லாம் அது ஒன்றுதான். யாரோ ஒரு தண்டல், அதாவது தோணியின் தலைவர், அவருக்குக் கொடுத்தது. அலகில் இங்கிலீஷ் எழுத்து இரண்டு மூன்று மிச்சம் இருந்தது. முப்பது வருடம் தீட்டித் தீட்டி வேப்பிலை மாதிரி ஒடுங்கிப் போயிருந்தது.

ஆறு வருடம் முன்பு என்னைப் பார்க்க முதல்முறையாக விமானம் ஏறினார். ஒரு விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனையில் அதை எடுத்துத் தொட்டியில் போட்டார்கள். விதி அதுதான், விதியோடு எனக்குச் சண்டை இல்லை. திரும்பி வரும்போது கேட்டால் தருவார்களா என்று மட்டும் ஒருமுறை கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை. இப்போது பொட்டலச் சணலைத் தீக்குச்சியால் சுட்டு அறுக்கிறார்.

சரி, கடைக்கு வருவோம்.

இந்தியாவில் மடக்குக்கத்தி என்றால் ராம்பூரி. உத்தரப் பிரதேசத்து ராம்பூரின் கைவினை, நவாபுகள் காலத்துப் புகழ். பித்தளைப் பிடி, நீண்ட அலகு, திறக்கும்போது கரகரவென்று பல் பல்லாக விழும் சத்தம். நல்ல வேலைப்பாடுதான், மறுக்க முடியாது. ஆனால் அந்தச் சத்தம்தான் அதன் பாதிப் பயன். எதிரே நிற்பவன் கேட்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட கத்தி அது. 1965-ல் வந்த ‘வக்த்’ படத்தில் ராஜ்குமார் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு பேசும் காட்சிக்குப் பிறகு இந்தி சினிமா அதை விடவே இல்லை. 1990-களில் அரசு அலகின் நீளத்துக்கு வரம்பு வைத்தது, தொழில் சுருங்கியது. 2023-ல் அதே ஊரில் ஏறத்தாழ இருபதடியில் கத்திச் சிலை வைத்தார்கள். ஒரு தொழிலுக்குச் சிலை வைப்பது எப்போது என்று நமக்குத் தெரியும். ஆயுத விதிகளின்படி ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி ஆயுதம், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்குமாகச் செய்தது மட்டும் விலக்கு. ராம்பூரி அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நின்றாலும் அப்பாவின் சட்டைப்பையில் நிற்காது. அதை வைத்து அவர் மாங்காய் நறுக்குவதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அடுத்தது பரிசுக்கடைகளின் ‘டமாஸ்கஸ்’ கத்தி. அலகு முழுக்க அலையலையாக வரி, மான்கொம்பு மாதிரிப் பிடி, வெல்வெட் வைத்த மரப்பெட்டி, கூடுதல் பணம் கொடுத்தால் லேசரில் ‘அன்புள்ள அப்பா’. இரண்டு வகை எஃகை அடுக்கி அடித்து அமிலத்தில் நனைத்தால் அந்த வரி வந்துவிடும். விற்பவர்கள் ஆயிரமாண்டுப் பாரம்பரியம் என்கிறார்கள். அந்தப் பாரம்பரியம் உண்மையில் யாருடையது என்று பார்த்தால் நம் பக்கம் வந்து நிற்கிறது. பழைய டமாஸ்கஸ் வாள்களுக்குப் போன மூலப்பொருள் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் உருக்கிய எஃகு. ஐரோப்பியர் அதை ‘வூட்ஸ்’ என்றார்கள். உக்கு, உருக்கு என்ற நம் சொற்களின் திரிபு அது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஈரோட்டுப் பக்கம் கொடுமணலில் அப்படி எஃகு உருக்கிய உலைகளின் தடயம் கிடைத்திருக்கிறது. 1790-களில் பம்பாயிலிருந்து வூட்ஸ் கட்டிகள் லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போயின. அதன் தலைவர் ஜோசப் பேங்க்ஸ் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொன்னார். ஸ்டோடார்ட் அதை அடித்து என்ன செய்தார் தெரியுமா? ஒரு பேனாக்கத்தி. 1795-ல் பியர்சன் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் இது இருக்கிறது. வாளுக்குப் பேர்போன எஃகைத் தன் கையால் சோதிக்க வேண்டிய நிலையில் ஒரு தேர்ந்த தொழிலாளி மிகச் சின்னக் கத்தியைத் தேர்ந்தெடுத்தார். சின்ன அலகில் குறையை மறைக்க இடமில்லை. இறகு முனையை அது சீவுமா, மழுங்குமா, ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பரிசுக்கடைக் கத்தி இந்தச் சோதனைக்கே வராது. ‘அன்புள்ள அப்பா’ என்று எழுதிய அலகை எந்த அப்பா கல்லில் வைத்துத் தேய்ப்பார்? அது பீரோவுக்குள் போகும், வெல்வெட்டோடு. பாரம்பரியம் என்ற சொல்லுக்குக் கத்தி விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான் கடைசியில் மிஞ்சியது. தேய்வதற்கு அது இடம் கொடுக்கிறதா? தாத்தாவின் பாளை அரிவாள் தேய்ந்தது. தண்டல் கொடுத்த கத்தி தேய்ந்தது. தேயாமல் இருப்பதற்கென்று வாங்கப்படுவது எவ்வளவு பழைய மாதிரியில் இருந்தாலும் நேற்றுப் பிறந்த பொருள்தான்.

சுவிஸ் கத்தியை நண்பர்கள் எல்லாரும் சொன்னார்கள். கார்ல் எல்ஸ்னர் 1891-ல் தன் நாட்டு ராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்து, 1897-ல் அதிகாரிகளுக்கான கத்தியைப் பதிவு செய்தார். விக்டோரினாக்ஸ் என்ற பெயரில் பாதி அவருடைய அம்மா விக்டோரியா, மீதி துருப்பிடிக்காத எஃகு. அம்மா பெயரைக் கத்திக்கு வைத்த ஒருவரை எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. பொறியியல் மாணவனாக அதன் உள்ளே இருக்கும் முதுகுத்தகட்டின் விசையையும் நான் ரசித்திருக்கிறேன். ஒரே தகடு இரண்டு அலகுகளைத் தாங்கும். பிரச்சினை வேறு. ஒவ்வொரு அலகையும் நகத்தை ஒரு சின்னப் பள்ளத்தில் வைத்து இழுத்துத்தான் திறக்க வேண்டும். முப்பது வயது நகத்துக்கு அது விளையாட்டு. எழுபது வயதில், கணு வீங்கிய விரலுக்கு, அது தினசரி அவமானம். என்னுடையதை ஒருமுறை அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, திருகு, கத்தரி, பல்குச்சி என்று ஒவ்வொன்றாக இழுத்துத் திரும்ப மடக்கிவிட்டுக் கேட்டார்: “எல்லாம் சரி, இதுல கத்தி எதுல?” விமர்சனமாக அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஊரிலேயே அடித்து வாங்கலாம் என்று ஏரல் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன். மடக்குகிற மாதிரி ஒன்று செய்ய முடியுமா அண்ணாச்சி என்று கேட்டேன். அவர் கையிலிருந்த அரிவாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடியே சொன்னார்: “மடக்குனா ஆணியில ஆட்டம் வரும் தம்பி. ஆட்டம் வந்த கத்தி கைய வெட்டும். நேர்கத்தியா கேளுங்க, லாரிப் பட்டையில அடிச்சுத் தாரேன், ஒங்க பேரன் காலம் வரைக்கும் கெடக்கும்.” லாரிப் பட்டை என்றால் அடியில் இருக்கும் விசைத்தகடு, நல்ல கார்பன் எஃகு. சொன்னது முழுக்க சரி. மடக்குக்கத்தியின் எல்லாப் பலவீனமும் அந்த ஒற்றை ஆணியில்தான் இருக்கிறது. நானூறு வருடமாக உலகத்துக் கத்திக்காரர்கள் செய்வதெல்லாம் அந்த ஆட்டத்தை எப்படி அடக்குவது என்பதற்கான வெவ்வேறு விடைகள். ஆனால் உறையில் போட்ட நேர்கத்தி சட்டைப்பைக்கு ஒத்துவராது. பேருந்தில் அதோடு உட்கார்ந்திருக்கும் எழுபது வயது மனிதரைப் பார்க்கும் பார்வையும் வேறு.

அந்தப் பார்வையை உண்டாக்கியதில் நம் கதைகளுக்கும் படங்களுக்கும் பங்கு உண்டு. தூத்துக்குடி, திருநெல்வேலி என்றாலே அரிவாளைக் காட்டியாக வேண்டும் என்பது தமிழ் சினிமாவின் சட்டம். கத்தி என்ற பெயரில் 2014-ல் ஒரு பெரிய படமே வந்தது. கத்தி உருவப்படும், செருகப்படும், கழுவப்படும். அதை வைத்து ஒருவர் பென்சில் சீவி நான் பார்த்ததில்லை. இலக்கியம் இதில் கொஞ்சம் மேல். கருவிக்கும் மனிதருக்கும் உள்ள உறவை இந்தக் கரையை வைத்து எழுதிய நாவல் என்று எனக்கு முதலில் நினைவு வருவது வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’. 1977-ல் வந்தது. அதில் கருவி கத்தி இல்லை, வல்லம். வாத்தியார் வேலைக்குப் போன மகன் செபஸ்தி, வீட்டையும் வல்லத்தையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி தகப்பன் குரூஸ் மிக்கேலைக் கேட்கிறான். மிக்கேலுக்கு மனசு வரவில்லை. கல்லூரியில் இதைப் படித்தபோது மகன் கெட்டவன் என்று எடுத்துக்கொண்டோம், விடுதியில் அப்படித்தான் பேசிக்கொண்டோம். இப்போது படித்தால் செபஸ்தி நம்மைப் போல ஒருவன். அவன் கேட்பது நியாயமாகவே ஒலிக்கிறது. வயசான காலத்தில் எதற்குக் கடல், எதற்குக் காற்று? நாவலின் பலமே அந்த நியாயத்தை ஒலிக்கவிட்டு, அதற்கு மிக்கேலிடம் பதில்வாதம் எதுவும் கொடுக்காமல், வல்லத்தின் மேல் அவர் வைத்திருக்கும் பிரியத்தை மட்டும் காட்டுவதில் இருக்கிறது.

என் வயதுப் பிள்ளைகள் அப்பாக்களுக்கு வாங்கிக் கொடுப்பதை ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். சாய்வு நாற்காலி, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, கால் பிடித்துவிடும் இயந்திரம், பெரிய எழுத்து தெரியும் போன். நானும் இதெல்லாம் வாங்கியவன்தான், தேவையானவையும்கூட. ஆனால் எல்லாம் சேர்ந்து ஒரே வாக்கியத்தைச் சொல்கின்றன: நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்குறோம். செபஸ்தி சொன்னதும் அதுதானே. எட்டு சென்டிமீட்டர் அலகு ஒன்றைக் கொடுப்பது அவரிடம் இன்னும் வேலை இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது. கட்டு பிரிக்க, முருங்கைக்கொப்பு கழிக்க, பேத்திக்குப் பனங்கிழங்கு கிள்ள.

கடைசியில் வாங்கியது ஓப்பினெல். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினெல் 1890-ல் செய்த வடிவம், பெரிய மாற்றம் இல்லாமல் இன்றும் வருகிறது. பீச் மரப் பிடி ஒரே கட்டை. அதன் நடுவே அறுத்த பிளவில் அலகு மடங்கும். ஆணியின் ஆட்டத்துக்கு அவர்கள் கண்ட விடை 1955-ல் சேர்த்த ஒரு திருகுவளையம். திருப்பினால் அலகு நின்றுவிடும், விரலை நறுக்காது. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1985-ல் சிறந்த வடிவமைப்புகள் நூறில் ஒன்றாக இதைச் சேர்த்தது. அதற்காக வாங்கவில்லை. இது குடியானவர்களின் கத்தி, மலிவு, மேலே எதுவும் எழுதியிருக்காது, தேய்ந்தால் யாருக்கும் மனசு வலிக்காது. எட்டாம் எண் எடுத்தேன், அலகு எட்டரை சென்டிமீட்டர். இதற்கும் நகப்பள்ளம் உண்டுதான். ஆனால் முதுகுத்தகட்டின் விசை இல்லாததால் அலகைக் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்த்துக் கிள்ளித் தூக்கிவிட முடிகிறது.

அதிலும் ஒரு தேர்வு இருந்தது. துருப்பிடிக்காத எஃகா, கார்பன் எஃகா? முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் உப்பளம். ஜன்னல் கம்பி மூன்று வருடம் தாங்காது. புத்தியுள்ளவர்கள் துருப்பிடிக்காததைத்தான் வாங்குவார்கள். நான் கார்பன் வாங்கினேன். துருப்பிடிக்காதது என்பதும் ஒரு பேச்சுக்குத்தான், உப்பின் குளோரைடு அதன் மேல்படலத்தையும் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். கார்பன் எஃகு அப்பாவுக்குத் தெரிந்த எஃகு. சாதாரணக் கல்லில் இரண்டு இழுப்பில் கூர் ஏறும், மாங்காய் நறுக்கினால் கறுக்கும், துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவாவிட்டால் கோபித்துக்கொள்ளும். கவனிக்க வேண்டிய பொருள். அது குறையா என்பது யாருக்கு வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது.

கத்தியைப் பரிசாகக் கொடுக்கக் கூடாது, உறவு அறுந்துவிடும் என்று ஐரோப்பாவிலும் சொல்வார்கள். வாங்குகிறவர் ஒரு காசு கொடுத்துவிட்டால் அது விலைக்கு வாங்கியதாகிவிடும், தோஷம் போகும். நம்மூரில் காசு இல்லை, கையில்தான் கொடுக்கக் கூடாது. கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை. இரும்பு சனிக்கிழமை வீட்டுக்கு வரக் கூடாது என்று அம்மா தடுத்துவிட்டாள். பொட்டலத்தை வெளித் திண்ணையில் செருப்புப் பலகைக்கு மேலே வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா தானே போய் எடுத்துப் பிரித்தார். அலகின் குறுக்கே கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். முதல் கேள்வி விலை. சொன்னேன், கொஞ்சம் குறைத்து. இரண்டாவது கேள்வி, “வளையம் எதுக்குல?” காட்டினேன். நாலைந்து தடவை திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இந்தக் கத்தியின் பெரிய குறையை நான் வாங்கும்போதே படித்திருந்தேன். ஈரக்காற்றில் பீச் மரம் ஊதும், பிளவு இறுகி அலகைப் பிடித்துக்கொள்ளும், திறக்க வராது. தூத்துக்குடியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் என்ன ஆகும் என்று எனக்குள் ஓர் உதறல் இருந்தது. நவம்பரில் ஒருநாள் போனில் வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது நானே கேட்டேன், கத்தி திறக்க வருதாப்பா என்று.

“மழைக்கு எறுகிப் போச்சு. மொதல்ல எண்ண விட்டேன், கேக்கல. பொறவு பிடியோட பொறத்தாலய மேச விளிம்புல ஒரு தட்டு தட்டினேன், நாக்க நீட்டிட்டு வந்துருச்சு.”

சவோய்க்காரர்கள் அதையேதான் செய்கிறார்கள், அதற்கு ‘சவோயார்டு தட்டு’ என்று பெயரே இருக்கிறது, புத்தகத்தில் எல்லாம் போட்டிருக்கிறார்கள் என்றேன், கொஞ்சம் உற்சாகமாகவே.

“அங்கயும் மழ பெய்யும்லா” என்றார்.